மச்சானிடம் போகும் முன்: ஃபேமிலி விசாவுக்கு ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது ஃபேமிலி விசா பேச்சு தொடங்கினால், ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டுப் பெண் என்னிடம் வந்துவிடுவாள். "லாத்தா, மச்சான் விசா போடப்போறாங்களாம், நான் என்ன பேப்பர் எடுத்து வைக்கணும்?" இதுதான் கேள்வி. லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா, மச்சான் என்றால் கணவர். அவர் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்கு மனைவி மக்களை எடுப்பதுதான் ஃபேமிலி விசா. ஒவ்வொருத்திக்கும் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி, சில சமயம் ஒன்றை மறந்தும் விடுகிறேன் என்பதால் இப்போது மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் இரண்டு தடவை இந்த வேலையைப் பார்த்தவள். முதல் தடவை எனக்கும் மூத்த மகளுக்கும், அப்புறம் இளையவள் ஊரில் பிறந்தபோது அவளுக்கு. முதல் தடவை பத்து மாதம் ஆனது. இரண்டாவது தடவை இரண்டே மாதத்தில் முடிந்தது. சட்டம் ஒன்றும் மாறவில்லை, பேப்பர் எல்லாம் முன்னாலேயே ஒழுங்காக இருந்தது, அவ்வளவுதான்.

நான் எழுதுவது பெரும்பாலும் துபாய், ஷார்ஜா, அபுதாபி எல்லாம் அடங்கிய எமிரேட்ஸைப் பற்றி. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோரத்து ஊர்களில் சபராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர், இல்லாத வீட்டைத் தேட வேண்டும், அதில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள். மற்ற நாடுகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் விண்ணப்பம் போடுவது சில நாள் வேலை. மாதக்கணக்கில் இழுப்பது இங்கே ஊரில் இருக்கும் காகிதங்கள்தான், அதிலும் முக்கால்வாசி பெயரில் இருக்கும் எழுத்து. அதனால் "மச்சான் எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடாதீர்கள். அவர் அங்கே டூட்டி முடிந்து ஒன்பது மணிக்கு ரூமுக்கு வருகிறவர், ஊர் நகராட்சியில் வந்து நிற்க அவரால் முடியாது. இந்த ஃபைல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பெயர்

என் மூத்த மகள் பெயர் ஃபாத்திமாவில் தொடங்கும். அவள் பிறந்த அன்று நான் மயக்கத்தில் இருக்க, வெளியே இருந்த உறவுக்காரர் ஒருவர் மருத்துவமனைப் படிவத்தை அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் தமிழில் "பாத்திமா", ஆங்கிலத்தில் எஃப் எழுத்துக்குப் பதிலாக பி எழுத்து. என் பெயரும் அதில் பாதிதான், "ஆயிஷா" என்று மட்டும் இருந்தது. பாஸ்போர்ட்டில் நான் ஆயிஷா சித்திக்கா. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, குழந்தை நல்லபடியாகப் பிறந்ததே போதும் என்று இருந்தோம். மூன்று வருடம் கழித்து அந்த ஒரு எழுத்தும் என் பெயரில் விட்டுப்போன பாதியும் எங்களை ஏழு வாரம் நகராட்சி அலுவலகத்துக்கு நடக்கவைத்தன.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாஸ்போர்ட், அவருடைய பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர், அவர் பெயர், பிள்ளை பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாக ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். முஹம்மது என்ற ஒரு பெயரையே நம் ஊரில் நாலு விதமாக எழுதுகிறோம். செய்யது, இபுராகிம், சுலைகா எல்லாம் அப்படித்தான். இந்துக் குடும்பங்களில் வேறு தொல்லை, முனியசாமி ஒரு இடத்தில் ஒரே சொல்லாகவும் இன்னொரு இடத்தில் இரண்டாகப் பிரிந்தும் இருக்கும், இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். தாளில் எங்கே எழுத்து மாறுகிறதோ அங்கே சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

எதை வைத்து எதைத் திருத்துவது? என் கருத்தில் அவருடைய பாஸ்போர்ட்டைத் தொடவே தொடாதீர்கள். அவருடைய விசா, எமிரேட்ஸ் ஐடி (அந்நாட்டு அடையாள அட்டை), பேங்க் கணக்கு, வேலை ஒப்பந்தம் எல்லாம் அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. அதில் இருப்பதே அவர் பெயர் என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துவரும்படி திருத்துங்கள். உங்கள் பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை அல்லது புதுப்பிக்க வேண்டும் என்றால் அதுதான் முதல் வேலை. நம் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது என்று பலரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், வாப்பா பெயரை அதில் போடுங்கள். 2022 நவம்பரில் எமிரேட்ஸ் ஒரு விதி கொண்டுவந்தது, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று. இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ரெசிடென்ஸ் விசாவுக்கு அந்த விதி இல்லை. இருந்தாலும் உங்கள் உம்மாவோ தங்கையோ நாளைக்கு விசிட்டில் வர நினைத்தால் இதே கதைதான் வரும், இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

கல்யாணத்துக்குப் பிறகு வாப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். பாஸ்போர்ட்டில் கணவர் பெயருக்கென்று தனி இடம் இருக்கிறது, அதில் சேர்த்தால் போதும். உங்கள் பெயரையே மாற்றினால் பள்ளிச் சான்றிதழ் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் ஒரு பெயரிலும் நிற்கும், அங்கே போய் நீங்கள் ஒரு வேலைக்குப் போக நினைத்தால் அது குறுக்கே வரும்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே எழுதாமல் வெறும் "ஆண்", "பெண்" என்று வாங்கி வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. பிறந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். எழுத்துப் பிழை திருத்துவதற்கும் பிறப்பைப் பதிந்த அதே நகராட்சியிலோ பேரூராட்சியிலோதான் மனு கொடுக்க வேண்டும். பெற்றோர் பாஸ்போர்ட் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் ஏற்கிறார்கள், ஆகவே அது பிழையில்லாமல் இருந்தே ஆக வேண்டும். பிள்ளை பாஸ்போர்ட்டுக்குத் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் தேவை. அவர் லீவில் வந்திருக்கும்போதே எடுத்துவிட்டால் ஒரு அலைச்சல் குறையும்.

முகவரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து தங்குவது வழக்கம். அதனால் அவருடைய பாஸ்போர்ட்டில் அவருடைய உம்மா வீட்டு முகவரி, உங்களுடையதில் உங்கள் வீட்டு முகவரி. வெளியூர் ஏஜென்ட் பார்த்தால் "இருவரும் பிரிந்திருக்கிறீர்களா" என்று கேட்பார், என்னையே கேட்டார்கள். பதற வேண்டாம். விசாவுக்கு வேண்டியது உறவுக்கான சான்று, அதாவது அட்டஸ்டேஷன் (உண்மையானது என்று அரசு முத்திரைகள்) ஆன திருமணச் சான்றிதழ். முகவரி இரண்டாக இருப்பதற்காக யாரும் விசாவை மறுப்பதில்லை.

நிக்காஹ் நடந்தால் போதாது, பதிவும் வேண்டும்

ஜமாஅத் தப்தரில் (பள்ளிவாசல் பதிவேட்டில்) கையெழுத்துப் போட்டுவிட்டோம், நிக்காஹ் புத்தகம் இருக்கிறது, போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணமானாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். திருமணம் நடந்து 90 நாளுக்குள் பதிந்தால் சாதாரணக் கட்டணம், அதைத் தாண்டினால் இன்னும் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு. ஆக மொத்தம் 150 நாள். பள்ளிவாசல் கொடுத்த நிக்காஹ் சான்று, கோயில் ரசீது, சர்ச் பதிவு எல்லாம் இந்தப் பதிவுக்கு ஆதாரம். வெளிநாட்டு விசாவுக்குக் காட்ட வேண்டியது அரசு கொடுக்கும் சான்றிதழை.

நம் ஊர்க் கல்யாணம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை 45 நாள் லீவில் வருவார், அதில் பத்து நாள் பெண் பார்த்து முடிக்கப் போகும், கல்யாணம், விருந்து, மறுவீடு, தொதல் கிண்டி உறவுக்கெல்லாம் கொடுத்து முடிப்பதற்குள் டிக்கெட் தேதி வந்துவிடும். பதிவை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிடுவார். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. அதற்குள் 150 நாள் எப்போதோ போயிருக்கும். அப்புறம் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் போனால் 30 நாள் நோட்டீஸ் போட்டு ஆட்சேபம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவருக்கு லீவே அவ்வளவுதான் இருக்கும். ஆகவே கல்யாண மண்டபம் பேசும்போதே பதிவுக்கும் நாள் குறித்துவிடுங்கள். இருவரும் சாட்சிகளோடு நேரில் போக வேண்டும், விருந்துக்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஒதுக்கினால் போதும். பெண் வீட்டார் இதைக் கேட்பதற்குத் தயங்கவே கூடாது என்பது என் கருத்து.

சான்றிதழ் அச்சாகும் முன் திரையிலோ வரைவிலோ காட்டுவார்கள். அப்போது பாஸ்போர்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று கூச்சப்பட வேண்டாம். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள், நான் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தலையை ஆட்டினேன்.

கையில் வாங்கியதும் லேமினேஷன் போட ஓடாதீர்கள். அட்டஸ்டேஷன் முத்திரைகள் எல்லாம் அந்தக் காகிதத்தின் பின்பக்கம்தான் விழும். பிளாஸ்டிக் ஒட்டிய காகிதத்தில் முத்திரை குத்த முடியாது, மறுபடி புதுப் பிரதி வாங்க வேண்டும்.

அட்டஸ்டேஷன்

இந்தச் சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். விஷயம் எளிது. நம் சார் பதிவாளர் போட்ட கையெழுத்து உண்மையானது என்று மாநில அரசு ஒரு முத்திரை போடும், மாநில அரசின் முத்திரை சரி என்று டெல்லி வெளியுறவு அமைச்சகம் ஒன்று போடும், அது சரி என்று எமிரேட்ஸ் தூதரகம் ஒன்று போடும், கடைசியில் அங்கே போன பிறகு அவர்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகம் ஒன்று போடும். நாலு முத்திரை, இதே வரிசையில். தாவ முடியாது. திருமணச் சான்றிதழுக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் தனித்தனியாக.

மாநில முத்திரை சென்னையில், உள்துறையில். வெளியுறவு அமைச்சகத்தின் வேலை 2019 முதல் சென்னைக் கிளையிலும் நடக்கிறது, ஆனால் நாம் நேரே போய் நீட்ட முடியாது, அமைச்சகம் அங்கீகரித்த முகமைகள் வழியாகக் கொடுக்க வேண்டும். பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நான் பார்க்காமல் கொடுத்தேன். ஒரு டிராவல்ஸ்காரர், 15 நாள் என்றார், இரண்டு மாதம் ஆக்கினார். ஒவ்வொரு தடவை போன் செய்தாலும் "டெல்லியில் இருக்கிறது" என்பார். கடைசியில் வந்ததைப் பிரித்துப் பார்த்தால் பின்பக்கம் சதுரமாக ஒரு ஸ்டிக்கர், எண்ணெல்லாம் போட்டு அழகாக இருந்தது, எல்லாம் முடிந்துவிட்டது என்று நானும் சந்தோஷமாக மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் காட்டிய டைப்பிங் சென்டரில் (அங்கே விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை) ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்கள், இது அப்போஸ்டில், இங்கே செல்லாது, தூதரக முத்திரை எங்கே என்று. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அப்போஸ்டில் என்பது ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளுக்கு. அந்த நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அந்த ஒரு ஸ்டிக்கரே போதும், தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஓமன், பஹ்ரைன் அதில் இருக்கின்றன. சவூதி 2022 டிசம்பரில் சேர்ந்தது, சிங்கப்பூர் 2021இல், கனடா 2024 ஜனவரியில். எமிரேட்ஸ் அதில் இல்லை. எனவே ஏஜென்டிடம் காகிதத்தைக் கொடுக்கும்போது "அட்டஸ்டேஷன் பண்ணுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நாட்டுக்கு, அப்போஸ்டிலா தூதரக முத்திரையா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் எடுக்கும் கட்டணம் ஒரு பத்திரத்துக்கு 50 ரூபாய்தான், மற்றதெல்லாம் முகமைக் கூலியும் தூதரகக் கட்டணமும் ஏஜென்ட் கமிஷனும். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அசலைக் கொடுக்கும் முன் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூதரக முத்திரை வரை முடிந்தால் அசலை அவருக்கு அனுப்ப வேண்டும். நம்பிக்கையான ஆள் கையில் கொடுத்தனுப்புவதோ கூரியரோ, உங்கள் விருப்பம். அங்கே வெளியுறவு அமைச்சக முத்திரைக்கு ஒரு பத்திரத்துக்கு 150 திர்ஹம். அரபி மொழிபெயர்ப்பும் அங்கேயே அங்கீகாரம் பெற்றவர்களிடம் செய்துகொள்வார்.

அங்கே அவர் செய்ய வேண்டியது

சம்பளம் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹத்தோடு கம்பெனி வீடு. இருந்தால் மனைவி மக்களை ஸ்பான்சர் செய்யலாம், அதாவது தன் பொறுப்பில் விசா எடுக்கலாம். முன்பு இன்ன வேலையில் இருப்பவர்தான் குடும்பத்தை எடுக்கலாம் என்று இருந்தது, 2019இல் அதை எடுத்துவிட்டார்கள், டிரைவராக இருந்தாலும் சமையல்காரராக இருந்தாலும் சம்பளம்தான் கணக்கு. ஆனால் எந்தச் சம்பளம்? டிப்ஸும் ஓவர்டைமும் சேர்த்துக் கையில் வருவது கணக்கில் வராது, ஒப்பந்தத்திலும் சம்பளச் சான்றிதழிலும் எழுதியிருப்பதுதான் வரும். நம் பையன்கள் பலருக்கு ஒப்பந்தத்தில் குறைவாகவும் கையில் கூடுதலாகவும் இருக்கும். முதலில் அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வீடு. துபாய் தேராவில் ஒரு ரூமில் எட்டுப் பேரோடு பெட் ஸ்பேஸில் இருக்கிறவர் அந்த முகவரியில் குடும்பத்தை எடுக்க முடியாது. அவர் பெயரில் வாடகை ஒப்பந்தம் வேண்டும், துபாயில் அதற்கு இஜாரி பதிவு, அபுதாபியில் தவ்தீக். சொல்லப்போனால் இந்த விஷயத்தில் பெரிய செலவே இந்த வாடகைதான். விசாவுக்குக் கட்டுவதெல்லாம் ஒரு தடவை, வாடகை அப்படியில்லை. பலகை அடித்துப் பிரித்த பார்ட்டிஷன் ரூமை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்கச் சம்மதிக்காதீர்கள். 2025இல் துபாய் மாநகராட்சி அப்படிப்பட்ட ரூம்கள் மேல் நடவடிக்கை எடுத்து ஆட்களை வெளியேற்றியது. குழந்தையோடு அந்த நிலையில் நிற்கக் கூடாது. 4,000 திர்ஹத்தில் குடும்பம் எடுக்கலாம் என்று சட்டம் விடுகிறது என்பதற்காக 4,000 திர்ஹத்தில் குடும்பம் நடத்திவிடலாம் என்று அர்த்தமில்லை. வாடகை, பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கொஞ்சம் பொறுத்து, சம்பளம் கூடியபின் போகலாம் என்று முடிவெடுப்பதில் தப்பில்லை.

இதெல்லாம் சரி என்றால் துபாயில் ஆமர் சென்டரில் (விசா சேவை மையம்), மற்ற இடங்களில் டைப்பிங் சென்டரிலோ ஆப்பிலோ விண்ணப்பம் போடுவார். உங்களுக்கு என்ட்ரி பெர்மிட் (உள்ளே நுழையும் அனுமதி) வரும், கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நீங்கள் உள்ளே நுழைய வேண்டும். பெர்மிட்டில் இருக்கும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் வந்த அன்றே சரிபாருங்கள்.

மகன் என்றால் 25 வயது வரை, திருமணமாகாத மகளுக்கு வயது வரம்பு இல்லை. வாப்பா உம்மாவை நிரந்தரமாக எடுப்பது இதைவிடக் கடினம். சம்பள வரம்பு அதிகம், முன்பணம் கட்ட வேண்டும், வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலோர் பெற்றோரை விசிட்டில்தான் கூட்டிப்போகிறார்கள், அதுவே போதும் என்று எனக்கும் தோன்றுகிறது.

விசிட்டில் போய் அங்கே மாற்றலாமா

மாற்றலாம், பலரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அட்டஸ்டேஷன் முடியாமல் கிளம்பிப் போனால் விசிட் நாள் ஓடிக்கொண்டே இருக்கும், காகிதம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும், நாள் தாண்டினால் ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 50 திர்ஹம் அபராதம். மூன்று பேர் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தூதரக முத்திரை விழுந்த காகிதம் கையில் இல்லாமல் இந்த வழியில் போகாதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காத பெண்களின் பாஸ்போர்ட் ஈசிஆர் வகையாக, அதாவது வெளிநாடு போக அரசின் குடியகல்வு அனுமதி தேவை என்று குறித்ததாக இருக்கும், அதனால் தடுத்துவிடுவார்களோ என்று பயம். அந்தக் குடியகல்வு அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்கானது, கணவரிடம் போகும் மனைவிக்குத் தேவையில்லை. விமான நிலையத்தில் கேட்டால் விசாவையும் திருமணச் சான்றிதழையும் அவருடைய எமிரேட்ஸ் ஐடி நகலையும் காட்டுங்கள். அதே சமயம் "ஃபேமிலி என்று சொல்லிப் போய் அங்கே வீட்டு வேலையில் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வாசற்படி ஏற்றாதீர்கள். அப்படிப் போனவளுக்கு அங்கே கேட்க நாதி இருக்காது.

இறங்கிய பிறகு

உள்ளே நுழைந்த நாளிலிருந்து 60 நாள் இருக்கிறது, அதற்குள் ரெசிடென்ஸ் முடிய வேண்டும். 18 வயது ஆனவர்களுக்கு மெடிக்கல், ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும். கர்ப்பமாக இருந்தால் கவுன்டரிலேயே முதலில் சொல்லிவிடுங்கள், எக்ஸ்ரே எடுக்க மாட்டார்கள். 15 வயதுக்கு மேல் எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை. 2022 முதல் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, ஐடி அட்டைதான் எல்லாம், அதைப் பத்திரமாக வையுங்கள். துபாயில் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் எடுப்பது ஸ்பான்சர் செய்கிறவர் பொறுப்பு. கணவர் விசாவில் இருந்துகொண்டே நீங்கள் வேலைக்கும் போகலாம், வேலை கொடுப்பவர் தொழில் அனுமதி மட்டும் வாங்கினால் போதும்.

பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் ரெசிடென்ஸ் செல்லாமல் போய்விடும். ஏழாம் மாதம் வந்து, பிள்ளை பெற்று, நாற்பது முடிந்து, பிள்ளைக்குப் பெயர் வைத்து, பாஸ்போர்ட் எடுத்து, அட்டஸ்டேஷன் முடிப்பதற்குள் ஆறு மாதம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். நான் இரண்டாவது தடவை என்ன செய்தேன் என்றால், பிள்ளைக்கு என்ன பெயர், ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, எங்கள் இருவரின் பாஸ்போர்ட் நகலோடு பின் அடித்து, பிரசவப் பையிலேயே வைத்துவிட்டேன். உம்மாவிடம் சொல்லிவைத்தேன், யார் படிவம் எழுதினாலும் இதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள் என்று. பிறந்த ஐந்தாம் நாளே மனு போனது. ஒரு எழுத்து பிசகவில்லை.

பிள்ளை அங்கேயே பிறந்தால் 120 நாளுக்குள் ரெசிடென்ஸ் எடுக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவதற்குச் சட்டம் தருவது ஒரு வருடம். நாலு மாதத்தில் ரெசிடென்ஸ் வேண்டுமானால் அதற்கு முன்பே பாஸ்போர்ட் வேண்டும், ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் விசா அவர் விசாவில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அவர் வேலை மாறினால் உங்கள் விசாவைக் கேன்சல் செய்யாமல் நிறுத்தி வைக்க வழி உண்டு, மாறுவதற்கு முன்பே ஆமரில் கேட்கச் சொல்லுங்கள். கணவரை இழந்தவர்களுக்கும் விவாகரத்தானவர்களுக்கும் ஸ்பான்சர் இல்லாமலே ஒரு வருடம் தங்க அந்த நாடு அனுமதி தருகிறது. எனக்கு வேண்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு இது தெரியாமல், இத்தாவோடு இத்தாவாக (கணவர் போன பிறகு பெண் காத்திருக்கும் காலம்) பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊருக்குத் திரும்பினாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மற்ற நாடுகள்

சவூதியில் இருப்பவர்கள் வரியைக் கணக்கில் வையுங்கள். 2017 ஜூலையில் குடும்பத்தில் ஒரு ஆளுக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கி, வருடா வருடம் ஏற்றி, 2020 ஜூலையில் 400 ஆக்கினார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். அந்த வருடங்களில் பெட்டி கட்டித் திரும்பிய குடும்பங்கள் நம் ஊரிலேயே எத்தனை. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை எடுக்க முடியாது, அதைவிட மேல்நிலை வேலை அனுமதிகளான எஸ் பாஸ் அல்லது ஈ பாஸ் இருந்து மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியாவது இருக்க வேண்டும். பிரிட்டனில் கணவனையோ மனைவியையோ அழைக்க 2024 ஏப்ரல் முதல் வருட வருமானம் 29,000 பவுண்ட், கூடவே ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும். கனடாவில் துணையை அழைக்கப் பொதுவாக வருமான வரம்பு இல்லை, ஆனால் மூன்று வருடத்துக்கு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த நாடானாலும் பெயர்த் தாள் வேலையும் திருமணப் பதிவும் மாறாது. தொகைகள் மாறக்கூடியவை, விண்ணப்பம் போடும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் நாள்

மசாலா கட்டும் உம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், கசகசா கூடாது. எமிரேட்ஸில் அது தடை செய்யப்பட்ட பொருள். பிரியாணி மசாலாவில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் வேண்டாம், கசகசா இல்லாமல் தனியாக அரைக்கச் சொல்லுங்கள். வலி மாத்திரை, தூக்க மாத்திரை சிலதும் அங்கே கட்டுப்பாட்டில் இருக்கின்றன, மருத்துவர் சீட்டோடு, அட்டைப் பெட்டியோடு கொண்டுபோங்கள், டிராமடால், கோடீன் கலந்தது என்றால் முன் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம்.

பிள்ளை இரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ என்றால் பள்ளியில் டிசி வாங்கும்போதே வெளிநாட்டுக்கு என்று சொல்லி வாங்குங்கள், அதற்கும் அட்டஸ்டேஷன் கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல். ஒரு செட் உம்மா வீட்டு அலமாரியில், ஒன்று உங்களிடம். பிறப்புச் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட், என்ட்ரி பெர்மிட் அச்சுப் பிரதி, அவருடைய ஐடி நகல், அவர் நம்பர் எழுதிய சீட்டு எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு, அதைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். சூட்கேஸில் வைத்து பெல்ட்டில் அனுப்பிவிட்டு, எமிக்ரேஷன் கவுன்டரில் கைக்குழந்தையோடு "பேப்பர் உள்ளே போயிருச்சு சார்" என்று நின்ற பெண்ணை மதுரையில் என் கண்ணால் பார்த்தேன்.